கலங்கரை விளக்கமும் புயல் கூண்டும்

ஐப்பசி பிறந்துவிட்டால் சாந்தோம் பக்கம் நடைப்பயிற்சி போகும்போது கண் தானாகக் கடல் பக்கம் திரும்பும். போன வாரம் கலங்கரை விளக்கத்துக்கு எதிரே என் பழைய மாணவர் ஒருவரைப் பார்த்தேன். நொச்சிக்குப்பத்துக்காரர், இன்றும் கடலுக்குப் போகிறவர். "புயல் நேரத்தில் இந்த விளக்குதானே உங்களுக்குத் துணை?" என்று கேட்டேன். சிரித்துவிட்டார். "அது கரையைக் காட்டும் சார். காத்தைக் காட்டுமா? காத்து வரும்னு முன்னாடியே சொன்னாத்தானே நாங்க போட்டை மேலே இழுத்துப் போட முடியும்!"

நாற்பது வருடம் பாடம் நடத்தியவனுக்கு அவர் நடத்திய பாடம் அது. நம் சென்னையின் வரலாறும் அதையேதான் சொல்கிறது.

அந்தக் காலத்துச் சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். மசூலா படகுகள் அலையைத் தாண்டிப் போய்ச் சரக்கையும் ஆட்களையும் கரை சேர்க்கும். 1746-இல் பிரெஞ்சுத் தளபதி லா போர்தொனே சென்னையைக் கைப்பற்றினார். சில வாரங்களில், அக்டோபரில், ஒரே இரவில் வீசிய புயலில் அவருடைய கப்பல்கள் பல மூழ்கின. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர். ஆங்கிலேயரால் தடுக்க முடியாத படையைக் காற்று சிதறடித்தது.

நம் முதல் கலங்கரை விளக்கம் அதற்கு ஐம்பது ஆண்டு கழித்து, 1796-இல் வந்தது. கோட்டைக்குள் இன்று அருங்காட்சியகமாக இருக்கும் கட்டடத்தின் உச்சியில் தேங்காய் எண்ணெய் விளக்குகளை ஏற்றினார்கள். 1844-இல் கருங்கல் தூண் வந்தது. உயர் நீதிமன்ற வளாகத்தில் இன்றும் அதைப் பார்க்கலாம். 1894-இல் விளக்கு உயர் நீதிமன்றத்தின் மாடத்துக்கே ஏறியது. 1977-இல் மெரினாவின் தென்கோடிக்கு வந்தது.

ஒவ்வொரு முறையும் வெளிச்சம் கூடியது. ஆனால் கருங்கல் தூணில் விளக்கு எரிந்த காலத்தில்தான் 1872 மே மாதப் புயல் வந்தது. நங்கூரமிட்டு நின்ற கப்பல்கள் பல கரையில் மோதி உடைந்தன. துறைமுகம் கட்டினால் பிழைக்கலாம் என்று வேலையைத் தொடங்கினார்கள். 1881 நவம்பரில் இன்னொரு புயல், கட்டிக்கொண்டிருந்த அலைத்தடுப்புச் சுவர்களையே பெயர்த்துப் போட்டது.

புயலில் நங்கூரத்தோடு நிற்கும் கப்பலுக்குக் கரை எங்கே என்று தெரிந்து பயனில்லை. கரைதான் அதற்கு எமன். நங்கூரத்தை அறுத்துக்கொண்டு ஆழ்கடலுக்கு ஓட வேண்டும், அதுவும் காற்று முற்றுவதற்குள். அதற்கு வேண்டியது முன்னறிவிப்பு. 1864 கல்கத்தா புயலுக்குப் பிறகு, 1865-இல் அந்தத் துறைமுகத்தில் எச்சரிக்கை முறை தொடங்கியது. 1875-இல் இந்திய வானிலைத் துறை பிறந்தது. 1898 முதல் நாட்டின் துறைமுகங்களுக்கெல்லாம் ஒரே மாதிரியான அடையாளங்கள் வந்தன.

அதுதான் நாம் வானொலியில் கேட்டு வளர்ந்த "மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு". கூண்டுக்குள் என்ன சார் இருக்கும் என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஒன்றும் இருக்காது. பகலில் கூம்பு, உருளை வடிவங்களைக் கொடிமரத்தில் ஏற்றுவார்கள். இரவில் சிவப்பும் வெள்ளையுமாக விளக்குகள். 1, 2 என்றால் தூரத்தில் ஆபத்து. 3, 4 என்றால் துறைமுகத்துக்கே ஆபத்து. 5 முதல் 7 வரை ஆபத்து, 8 முதல் 10 வரை பெரும் ஆபத்து. 11-ஆம் எண்ணுக்கு என்ன பொருள் தெரியுமா? வானிலை அலுவலகத்துடன் தொடர்பு அற்றுவிட்டது. செய்தி வராததே கடைசி எச்சரிக்கை!

1966 நவம்பரில் 'ஸ்டமாட்டிஸ்' என்ற கப்பலைப் புயல் மெரினாவில் தரை தட்ட வைத்தது. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். அவ்வளவு பெரிய இரும்பு, செத்த மீன் போலக் கிடந்தது. அதன் மிச்சம் பல ஆண்டுகள் கடலுக்குள் இருந்தது.

2016 டிசம்பர் 12, வர்தா. மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் மரங்கள் சாய்ந்து கிடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். ஆனால் முன்பே சொல்லிவிட்டார்கள். நொச்சிக்குப்பத்தில் படகுகள் மேலே ஏறியிருந்தன. அடுத்த ஆண்டே, 2017 நவம்பர் 30-இல், குமரிக் கடலில் ஒக்கி. முட்டத்திலும் கன்னியாகுமரியிலும் கலங்கரை விளக்கங்கள் இருந்தன. ஆனால் பல நாட்களுக்கு முன்பே ஆழ்கடல் போனவர்களுக்குச் செய்தி போய்ச் சேரவில்லை. அவர்களுக்கு 11-ஆம் எண் கூண்டை ஏற்றிக் காட்டவும் அங்கே கொடிமரம் இல்லை. எத்தனையோ பேர் திரும்பவே இல்லை. அதன் பிறகுதான் இஸ்ரோவின் நாவிக் வழியாக நடுக்கடல் படகுக்கும் செய்தி அனுப்பும் கருவிகள் வரத் தொடங்கின.

கலங்கரை விளக்கத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. புயல் ஓய்ந்து திரும்புகிறவனுக்கு அதுதான் வீட்டு வாசல் விளக்கு. ஆனால் திரும்பி வர அவன் உயிரோடு இருக்க வேண்டுமே. ஆகவே புயல் வலுவிழந்து போனால் "சும்மா பயமுறுத்தினார்கள்" என்று கேலி செய்யாதீர்கள். அந்த ஒரு வரிச் செய்திக்காக எத்தனை உயிர்கள் விலை கொடுத்திருக்கின்றன என்று நினைத்துப் பாருங்கள்.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது ஸ்டமாட்டிஸ் கப்பலை நேரில் பார்த்திருந்தால், கேட்டு எழுதுங்கள்.