கட்டையும் கண்ணாடியும்

எளாவூர், சென்னையிலிருந்து கூடூர் செல்லும் இருப்புப் பாதையில் உள்ளதோர் ஊர். தெற்கே கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை. வடக்கே சிறிது தொலைவில் ஆந்திர எல்லை. இவ்வட்டாரத்துக் கல்லூரி மாணவர் சிலர் கைப்பேசியைக் கொண்டு பாரதக் கதையொன்றைக் குறும்படமாக்க முனைவதாக வைத்துக்கொள்வோம். கதை உண்டு, நடிகர் உண்டு. மன்னனுக்கு முடிதான் இல்லை. வாடகைக்கு வாங்கப் பணமும் இல்லை. அட்டையால் முடி செய்தால் பிறர் நகைப்பரே என்னும் கூச்சம் மட்டும் நிறைய உண்டு. மாணவ நண்பர்களே, அக்கூச்சத்திற்கு நம் வரலாற்றில் ஏதேனும் ஆதாரம் உண்டா?

தொண்டை நாட்டுத் தெருக்கூத்தை நோக்குங்கள். துரியோதனனும் கர்ணனும் அணிந்து வரும் முடி, தோளணி, மார்புப் பதக்கம் யாவும் மரமே! அதுவும் தேக்கு அன்று. வேலியோரத்தில் வளரும் கல்யாண முருங்கை. அதன் இலையை அரைத்து நம் வீடுகளில் அடை சுடுவார்கள். கனமற்ற மரம் அது. விடியுமட்டும் சுழன்றாடும் கூத்தரின் கழுத்து வேறெதைத் தாங்கும்? அம்மரத்தைச் செதுக்கி, வண்ணத் தாளும் மினுக்குத் தாளும் ஒட்டி, கண்ணாடிச் சில்லுகளைப் பதிப்பர். இவ்வணிகளுக்குக் 'கட்டை' என்று பெயர். கட்டைக்கூத்து என்ற பெயரும் இதனால் வந்ததே. அப்பெயரையே தாங்கி 1990-இல் காஞ்சிபுரத்தில் கட்டைக்கூத்துச் சங்கம் தோன்றியது.

கண்ணாடி எதற்கு? அழகுக்கு மட்டும் என்று எண்ணிவிட வேண்டாம். மின்விளக்கும் காஸ் விளக்கும் வருமுன் கூத்து நடந்தது தீவட்டி வெளிச்சத்தில். அசையும் சுடர் ஒவ்வொரு சில்லிலும் பட்டுத் தெறிக்க, கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவனுக்கும் மன்னன் தெரிவான். தீயின் ஒளியில் சிவப்பும் மஞ்சளும் பொலியும். ஆகவே முகத்திற்கும் அரிதாரமும் செந்தூரமும். பொன் வாங்க இயலாமையால் மட்டும் பிறந்த கலையன்று இது. ஒளியை அறிந்தோர் கலை என்பேன்.

தமிழகத்தின் முதல் மௌனக் கதைப்படமும் கூத்துக்கு உரிய கதையையே எடுத்துக்கொண்டது. சென்னையில் மோட்டார் உதிரிப்பாக வணிகம் செய்த நடராஜ முதலியார் 1917-18 அளவில் எடுத்த 'கீசக வதம்' அது. அதன் பிரதி இன்று இல்லை. ஆதலால் கீசகனின் அணிகலன்களை நாம் காண்பதற்கில்லை. ஆனால் அக்கால மௌனப் படச்சுருளின் இயல்பு நமக்குத் தெரியும். அது சிவப்பை உணராது. தீவட்டியில் தணலெனச் சுடர்ந்த சிவப்பு, திரையில் கறுத்துவிடும், நீலமோ வெளுத்துவிடும். மேடையில் சிறந்த வண்ணம் படத்திற்கும் சிறக்கும் என்று நம்பியவர்கள் ஏமாந்திருப்பர்.

இன்றைய கைப்பேசி எல்லா வண்ணங்களையும் காணும். ஆயினும் வெயிலில் பளிச்சிடும் ஒரு பெருங்கண்ணாடி, தானாக ஒளியை அளவிடும் கருவியை மயக்கி, மன்னனின் முகத்தையே இருட்டாக்கிவிடக்கூடும். சில்லுகள் சிறியனவாகவும் சற்றே சாய்ந்தும் இருப்பது நலம். தாளையும் கண்ணாடியையும் முதலில் கருவியின் வழியே, படமெடுக்கும் அதே வெளிச்சத்தில் பார்த்துவிடுங்கள். பசை காயுமுன் பார்ப்பது இன்னும் நல்லது.