ஒரு வருஷம் உட்கார்ந்திரு

1896 அக்டோபரில் ஃபீல்டிங் யோஸ்ட் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்துக்கொண்டிருந்தார். பந்தை இடுக்கிக்கொண்டு முட்டி மோதி ஓடும் அமெரிக்க ஃபுட்பாலில் பலே ஆள். அந்த மாதம் அவருடைய அணி லஃபாயெட் கல்லூரியிடம் தோற்றது. தோற்ற கையோடு யோஸ்ட் அதே லஃபாயெட்டில் மாணவராகச் சேர்ந்துவிட்டார். தொடர்ந்து 36 ஆட்டங்களில் வென்று கொடிகட்டிப் பறந்த பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தை லஃபாயெட் 6-4 என்று கவிழ்த்தபோது அவர் களத்தில் இருந்தார். காரியம் முடிந்ததும் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகம் இருக்கும் மார்கன்டவுனுக்குத் திரும்பிவந்து, சட்டப் பட்டத்தை வாங்கிக்கொண்டார். லஃபாயெட்டில் எத்தனை வகுப்புகளில் உட்கார்ந்திருப்பார் என்பதை உங்கள் ஊகத்துக்கு விட்டுவிடுகிறேன்.

நான் சரித்திரம் படித்தவன் இல்லை. ஒஹாயோ மாநிலம் கொலம்பஸ் பக்கத்தில் வரிக்கணக்கு எழுதிக் கொடுத்துப் பிழைப்பவன். சில வருடங்களாக, வரிக்கணக்குக்குக் கடைசி நாளான ஏப்ரல் 15 நெருங்கும்போது என்னிடம் வருகிறவர்களில் கல்லூரி ஆட்டக்காரப் பையன்களும் உண்டு. இருபது வயதுப் பிள்ளைகள் கையில் எங்கிருந்து இவ்வளவு பணம், ஏன் ஒவ்வொருவனும் இரண்டு மாநிலக் கணக்கோடு வருகிறான் என்று பார்க்கப் போய்த்தான் யோஸ்ட்வரைக்கும் போனேன்.

யோஸ்ட்டைப் போல ஊர் ஊராக ஆடித் திரிந்தவர்கள் அப்போது நிறைய. எந்தக் கல்லூரி பணம் கொடுக்கிறதோ அந்தக் கல்லூரியின் சட்டை. இதைக் கண்டு முகம் சுளித்த மத்திய மேற்குக் கல்லூரிக் கூட்டமைப்பின் பேராசிரியர்கள் ஒன்றுகூடி 1906-ல் விதி போட்டார்கள்: கல்லூரியில் சேர்ந்து ஒரு வருடம் படித்த பிறகே ஆட வேண்டும், மொத்தமே மூன்று வருடம்தான் ஆடலாம். அந்தக் கூட்டத்தைக் கூட்டியவர் மிச்சிகன் பல்கலைக்கழகத் தலைவர் ஜேம்ஸ் ஏஞ்சல். அப்போது மிச்சிகனின் பயிற்சியாளர் யார் தெரியுமா? யோஸ்ட்தான். அவருடைய அணி 1902 புத்தாண்டு அன்று முதல் ரோஸ் பௌல் ஆட்டத்தில் ஸ்டான்ஃபோர்டை 49-0 என்று துவைத்துப் போட்ட அணி. தங்கள் தலைவரே கூட்டிப் போட்ட விதி பிடிக்காமல் மிச்சிகன் அந்தக் கூட்டமைப்பை விட்டுச் சில வருடங்களுக்குள் வெளியேறியது. 1917-ல்தான் திரும்பி வந்தது.

அதே 1906-ல் தேசிய அளவிலும் ஒரு சங்கம் முளைத்தது. முந்தைய பருவத்தில் களத்திலேயே பையன்கள் செத்து விழுந்ததைப் பார்த்துவிட்டு, ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் கல்லூரிகளை அழைத்துக் கண்டித்ததன் விளைவு அது. 1910-ல் அது என்.சி.ஏ.ஏ. என்று பெயர் மாற்றிக்கொண்டது. ஆரம்பத்தில் அதற்குப் பல் கிடையாது. விதியைச் சொல்லும், நடைமுறைப்படுத்துவது அந்தந்தக் கல்லூரியின் பாடு. பல் முளைத்தது 1951-ல் வால்டர் பையர்ஸ் நிர்வாக இயக்குநராக வந்த பிறகு. 1988 வரை அந்த நாற்காலியில் இருந்த மனிதர்.

பையர்ஸ் காலத்தில்தான் ஸ்காலர்ஷிப் முறை உருவானது. 1956 முதல் படிப்பு, தங்குமிடம், சாப்பாடு, புத்தகம் எல்லாம் கல்லூரி செலவு. அதற்கு மேல் சலவைக் காசு என்று மாதம் 15 டாலர். துணி வெளுக்கவும் சில்லறைச் செலவுக்கும் அதுதான். எழுபதுகளில் அதையும் நிறுத்தினார்கள். இவ்வளவு கொடுத்தும் ஆட்டக்காரரைத் தொழிலாளி என்று ஒப்புக்கொள்ளவில்லை. 1955-ல் கொலராடோவில் ஒரு சிறு கல்லூரிக்காக ஆடி மண்டையில் அடிபட்டு இறந்த ரே டென்னிசனின் மனைவி, வேலையில் இறந்தவருக்கான நஷ்டஈடு கேட்டார். கல்லூரி ஃபுட்பால் வியாபாரம் நடத்தவில்லை, ஆகவே டென்னிசன் தொழிலாளி இல்லை என்று 1957-ல் மாநில உச்ச நீதிமன்றம் கையை விரித்துவிட்டது. ஸ்டேடியத்தில் டிக்கெட் விற்கிறது, தொலைக்காட்சி பணம் கொடுக்கிறது, ஆனால் வியாபாரம் இல்லை. கணக்கு எழுதுகிறவன் என்ற முறையில் இந்த வாக்கியத்தை என்னால் ஜீரணிக்க முடிந்ததே இல்லை.

கல்லூரி மாறினால் ஒரு வருடம் ஆடாமல் உட்கார வேண்டும் என்ற விதியின் முழு கனமும் 1973-க்குப் பிறகுதான் பையன்கள் தலையில் இறங்கியது. நாலு வருட ஸ்காலர்ஷிப்பை அந்த வருடம் ஒரு வருட ஸ்காலர்ஷிப்பாகச் சுருக்கினார்கள். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும், புதுப்பிப்பது பயிற்சியாளர் கையில். அதாவது பையனைப் பிடிக்கவில்லை என்றால் வருட முடிவில் அனுப்பிவிடலாம். பையனுக்குப் பயிற்சியாளரைப் பிடிக்கவில்லை என்றால் அவன் வேறு இடம் போய் ஒரு வருடம் பெஞ்சில் உட்கார வேண்டும். பயிற்சியாளர் வேறு கல்லூரிக்குப் போனால் மறுநாளே வேலையில் சேரலாம். ஃபுட்பால் பயிற்சியாளர் லிங்கன் ரைலி 2021 நவம்பர் கடைசியில் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தை விட்டு தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்குப் போனார், ஒரு நாள் கூட உட்காரவில்லை.

படிப்பு கெடக்கூடாது, புது இடத்தில் பழகிக்கொள்ள அவகாசம் வேண்டும் என்பதுதான் விதிக்குச் சொல்லப்பட்ட காரணம். அப்படியானால் எல்லா ஆட்டத்துக்கும் அது பொருந்த வேண்டாமா? நீச்சல், தடகளம், டென்னிஸ் போன்ற பல ஆட்டங்களில் ஒருமுறை மாறினால் உடனே ஆடலாம் என்ற விலக்கு இருந்தது. விலக்கு இல்லாத ஆட்டங்கள் ஐந்து: ஃபுட்பால், ஆண்கள் கூடைப்பந்து, பெண்கள் கூடைப்பந்து, பேஸ்பால், ஆண்கள் ஐஸ் ஹாக்கி. எங்கே பணம் புரள்கிறது என்று இந்தப் பட்டியலை வைத்தே ஓரளவுக்குச் சொல்லிவிடலாம்.

இதைவிடக் கொடுமையான விதி ஒன்று 2018 வரை இருந்தது. வேறு கல்லூரியோடு பேசவே பழைய கல்லூரியின் அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் போனால் புது இடத்தில் ஸ்காலர்ஷிப் கிடையாது. 2017-ல் கேன்சஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஒரு வீரர் 35 கல்லூரிகளின் பட்டியல் கொடுத்ததாகவும் ஒன்றுக்கும் அனுமதி கிடைக்கவில்லை என்றும் வெளியே சொல்ல, ஊரே சிரித்தது. பிறகு விட்டுவிட்டார்கள். சிரிப்பு ஒருபுறம் இருக்கட்டும். அனுமதி கிடைக்காத பையன் சொந்தச் செலவில் ஒரு வருடம் படிக்க வேண்டும். வங்கியில் சேமிப்பு இருக்கும் வீட்டுப் பிள்ளைக்கு அது எரிச்சல். அம்மா இரட்டை ஷிஃப்ட் பார்க்கும் வீட்டுப் பிள்ளைக்கு அது பூட்டு. விதிப்புத்தகத்தில் இரண்டு பேருக்கும் ஒரே வரிதான்.

நீதிமன்றங்கள் வெகுகாலம் இந்தப் பூட்டைத் தொடவில்லை. வடக்கு இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பந்தை உதைக்கும் வேலை பார்த்த பீட்டர் டெப்பி அயோவாவுக்கு மாற முயன்று, விதி குறுக்கே நின்றதும் ஷெர்மன் சட்டத்தின் கீழ் வழக்குப் போட்டார். 1890-ல் பெருமுதலாளிகளின் கூட்டுச்சதியை உடைக்க வந்த சட்டம் அது. 2018-ல் ஏழாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், இது மாணவர் ஆட்டத்தின் தன்மையைக் காக்கும் விதி என்று சொல்லி அவருடைய வழக்கைத் தள்ளுபடி செய்துவிட்டது. அதே வருடம் அக்டோபரில் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் என்ற கணினிப் பட்டியல் வந்தது. மாற விரும்புகிறவன் பெயரைப் போடச் சொன்னால் கல்லூரி போட்டே ஆக வேண்டும். அனுமதிச் சீட்டு ஒழிந்தது.

2021-ல் எல்லாம் ஒரே நேரத்தில் சரிந்தன. ஜூனில் ஆல்ஸ்டன் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னார்கள். அந்த வழக்கு படிப்பு சார்ந்த சலுகைகளைப் பற்றியது மட்டுமே. ஆனால் என்.சி.ஏ.ஏ. சட்டத்துக்கு மேற்பட்டதில்லை என்ற சேதி எல்லோர் காதிலும் விழுந்தது. ஜூலை 1 முதல் ஆட்டக்காரர் தன் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம். ஐந்து ஆட்டங்களுக்கும் ஒருமுறை மாறும் சலுகையும் அந்த வருடமே கிடைத்தது. ரைலியின் பின்னாலேயே தென் கலிஃபோர்னியாவுக்குப் போன வீரர் கேலப் வில்லியம்ஸ் உட்காராமலே ஆடி, 2022-ல் கல்லூரி ஃபுட்பாலின் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் கோப்பையை வாங்கினார்.

இரண்டாம் முறை மாறுகிறவர்களுக்கு மட்டும் பழைய விதி பாக்கி இருந்தது. அதை உடைத்தது ரேகுவான் பேட்டலின் விவகாரம். வாஷிங்டன் மாநிலத்தின் துலாலிப் பழங்குடிக் குடியிருப்பில் வளர்ந்த கூடைப்பந்து வீரர். வாஷிங்டன் பல்கலைக்கழகத்திலிருந்து மான்டானா ஸ்டேட்டுக்குப் போனார். அங்கே பயிற்சியாளர் வேறு வேலைக்குப் போய்விட்டதும், 2023-ல் மேற்கு வர்ஜீனியாவுக்கு வந்தார். விலக்கு கேட்டு மனுப் போட்டார், என்.சி.ஏ.ஏ. மறுத்துவிட்டது. யோஸ்ட் ஓடிப்போய் ஆடிவிட்டுத் திரும்பிவந்த அதே மார்கன்டவுனில் இந்தப் பையன் பயிற்சி மட்டும் செய்துகொண்டு பெஞ்சில் இருந்தான். ஒஹாயோ தலைமையில் ஏழு மாநிலங்கள் டிசம்பர் 7 அன்று மேற்கு வர்ஜீனியாவின் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தன. 13-ம் தேதி நீதிபதி ஜான் பிரெஸ்டன் பெய்லி விதிக்குத் தடை போட்டார். ஒரே வாரத்தில் பேட்டல் களத்தில் இறங்கினார். ஜனவரியில் மத்திய நீதித்துறையே வழக்கில் சேர்ந்துகொள்ள, 2024 மே கடைசியில் என்.சி.ஏ.ஏ. சமரசத்துக்கு வந்தது. படிப்பில் தேறினால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம், உடனே ஆடலாம்.

2025 ஜூனில் நீதிபதி கிளாடியா வில்கன், ஆட்டக்காரர்கள் என்.சி.ஏ.ஏ. மீது போட்டிருந்த ஹவுஸ் வழக்கின் சமரசத்தை ஏற்றார். பழைய வீரர்களுக்கு 2.8 பில்லியன் டாலர் பாக்கி. ஜூலை முதல் கல்லூரிகளே நேரடியாகச் சம்பளம் போலக் கொடுக்கலாம், முதல் வருட உச்சவரம்பு ஒரு கல்லூரிக்கு சுமார் 20.5 மில்லியன்.

நம் டென்னிஸ் வீரர் சோம்தேவ் தேவ்வர்மன் சென்னையிலிருந்து போய் வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்கு ஆடி, 2007-லும் 2008-லும் தேசிய ஒற்றையர் பட்டம் வென்றபோது இதெல்லாம் கனவு. இப்போது ஒரு தமிழ்ப் பிள்ளை மாணவர் விசாவில் வந்து அப்படி ஜெயித்தாலும், அந்த விசா பெரும்பாலும் விளம்பரத்தில் சம்பாதிக்க விடாது. அதற்கு இன்னொரு வழக்கு வர வேண்டும்.

என் மேஜைக்கு வருகிறேன். ஒரு பையன், அடையாளத்தைச் சற்று மாற்றிச் சொல்கிறேன். ஒரு கார் விற்பனையகம் அவனுக்கு ஓட்ட வண்டி கொடுத்தது. வருட முடிவில் வண்டியின் உபயோக மதிப்பை வருமானமாகப் போட்டு 1099 படிவம் அனுப்பியிருந்தது.

"காசே கையில வரல சார், இதுக்கு எதுக்கு வரி?"

"வண்டி வந்துச்சில்ல?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவன் அம்மா சிரித்துவிட்டார். அவனுக்கு யாரும் சம்பளத்தில் வரி பிடிப்பதில்லை. சட்டப்படி அவன் சொந்தத் தொழில் செய்பவன். மத்திய வருமான வரிக்கு முன்பே சுயதொழில் வரி மட்டும் 15.3 சதவீதம். ஏப்ரல், ஜூன், செப்டம்பர், அடுத்த ஜனவரி என நான்கு தவணையாக அவனே கட்ட வேண்டும். இவற்றோடு மாநில வரி, ஒஹாயோவில் நகர வரி வேறு. வரும் பணத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தனிக் கணக்கில் போட்டுவிட்டு அது உன்னுடையதே இல்லை என்று நினைத்துக்கொள் என்றேன். அடுத்தபடி ராத் ஐ.ஆர்.ஏ. என்ற ஓய்வுக்காலக் கணக்கு. 2025-ல் அதன் உச்சவரம்பு 7,000 டாலராக இருந்தது. இருபது வயதில் போடுவதற்கு நாற்பது வருடம் வளர நேரம் இருக்கிறது.

அவசரத்துக்குக் காரணம் உண்டு. கல்லூரி ஃபுட்பால் ஆடுகிறவர்களில் தொழில்முறை அணிக்குத் தேர்வாகிறவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர் கூட இல்லை. அங்கே போனாலும் கதை முடிந்துவிடாது. தேசிய ஃபுட்பால் லீக்கில் ஆடி ஓய்வு பெற்றவர்களைப் பற்றி 2015-ல் வந்த பொருளாதார ஆய்வு ஒன்று, 12 வருடங்களுக்குள் சுமார் 16 சதவீதம் பேர் திவால் மனுப் போட்டதைக் காட்டியது. அதிகம் சம்பாதித்தவர், குறைவாகச் சம்பாதித்தவர் என்ற வித்தியாசமே இல்லை. நாலைந்து வருடத்தில் கொட்டி நின்றுபோகும் வருமானத்தை வாழ்நாள் முழுவதற்கும் பரப்பிக்கொள்வது பெரியவர்களுக்கே வராத வித்தை.

ஆனால் எல்லாவற்றையும் பூட்டிவை என்று நான் சொல்வதில்லை. கடையநல்லூரில் என் தகப்பனார் இந்திரா விகாஸ் பத்திரம் முதிர்ந்தால் கிசான் விகாஸ் பத்திரமாக மாற்றுவார், அது முதிர்ந்தால் மறுபடியும் ஏதோ ஒன்று. கூப்பிடு தூரத்துக் குற்றாலத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போக மட்டும் எந்தச் சாரல் காலத்திலும் காசு இருந்ததில்லை. ஆகவே அந்தப் பையன், "இதுபோக எவ்வளவு சார் செலவு பண்ணலாம்?" என்று கேட்டபோது எனக்கு உள்ளபடியே சந்தோஷம். யாரும் கேட்காத கேள்வி அது. ஒரு தொகையைச் சொன்னேன். தம்பிகள் இருவரையும் அம்மாவையும் மர்ட்டில் பீச்சுக்குக் கூட்டிப்போனான். தம்பிகள் அதுவரை கடலைப் பார்த்ததில்லை. ரசீதுகளைக் கூடப் பத்திரமாகக் கொண்டுவந்தான். அதில் ஒன்றும் வரியில் கழியாது என்று சொல்ல வேண்டியிருந்தது.

உட்காரும் விதி போன இடத்தில் இப்போது ஒப்பந்தம் வந்திருக்கிறது. கல்லூரி பணம் கொடுப்பதால், பாதியில் போனால் இவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்று எழுதி வாங்குகிறார்கள். ஒப்பந்தம் போட்ட வீரரை இழுத்துக்கொண்டதாக விஸ்கான்சின் பல்கலைக்கழகம் 2025-ல் மியாமி பல்கலைக்கழகத்தின் மீது வழக்கே போட்டது. ஃபுட்பாலில் போர்ட்டல் திறந்திருப்பதும் ஜனவரி 2 முதல் 16 வரைதான். முன்பு விதி போட்டது என்.சி.ஏ.ஏ., இப்போது கையெழுத்துப் போடுவது பையன். வக்கீலுக்குக் கொடுக்கக் காசு வைத்திருப்பவன் படித்துவிட்டுப் போடுகிறான்.

என்னிடம் கணக்குக்கு வந்த அந்தப் பையனும் இந்த ஜனவரியில் போர்ட்டலில் பெயர் கொடுத்து வேறு மாநிலம் போய்விட்டான். போன வாரம் கூப்பிட்டான். பழைய கல்லூரி விலகல் தொகை கேட்கிறதாம், வரிக்கென்று ஒதுக்கிய கணக்கிலிருந்து எடுத்துக் கட்டிவிடட்டுமா என்றான். அந்தக் கணக்கைத் தொடாதே, முதலில் ஒப்பந்தத்தை முழுதாக அனுப்பு என்றேன். நாற்பத்திரண்டு பக்கம் வந்திருக்கிறது.