வானம் பார்த்த மண்ணும் கடலின் வரலாறும்

கழுகுமலையின் வரலாற்றைக் கூறப் புகுவோர் பெரும்பாலும் கி.பி. 8ஆம் நூற்றாண்டில் தொடங்குவர். பாண்டியர் காலத்து வெட்டுவான் கோயிலும் சமணத் திருமேனிகளும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் அதற்குச் சான்றாகும். ஆனால், மலையைச் சூழ்ந்த கரிசலில் வாழ்வை ஆள்வது மழை. அம்மழையின் தொல்வரலாறு பாறையில் இல்லை. பனியிலும் கடலடிச் சேற்றிலும் சதுப்பு மண்ணிலும் எழுதப்பட்டுள்ளது.

1992இல் ஐரோப்பிய ஆய்வாளர் கிரீன்லாந்துப் பனிப்பாளத்தை 3,029 மீட்டர் ஆழம் வரை துளையிட்டனர். டென்மார்க்கின் வில்லி டான்ஸ்கார்டும் சுவிட்சர்லாந்தின் ஹான்ஸ் ஓஷ்கரும் முன்னரே சுட்டிய உண்மையை அப்பனியடுக்குகள் உறுதி செய்தன. கடந்த பனியூழி ஒரே சீரான குளிர்காலம் அன்று. அதனுள் ஏறத்தாழ 25 முறை, சில பத்தாண்டுகளுக்குள்ளாகவே, கிரீன்லாந்தின் வெப்பநிலை 8 முதல் 16 பாகை செல்சியஸ் வரை உயர்ந்து, பின்னர்த் தணிந்துள்ளது. ஒரு மனிதனின் ஆயுளுக்குள் ஓர் உலகம் மாறியது எனலாம்.

இதன் காரணத்தைக் கடலோட்டத்தில் கண்டனர். அட்லாண்டிக்கின் உப்புச் செறிந்த வெதுநீர் வடக்கே சென்று, குளிர்ந்து கனத்து அமிழ்கிறது. ஆழ்கடல் வழியே தெற்கு நோக்கித் திரும்புகிறது. உருகிய பனியின் நன்னீர் மிகுதியாகக் கலப்பின் உப்புக் குறையும், நீர் அமிழாது, ஓட்டம் தளரும். இத்தகைய ஓட்டம் இருவேறு நிலைகளில் நிலைபெறக்கூடும் என்பதை ஹென்றி ஸ்டோமல் 1961இலேயே கணக்கிட்டுக் காட்டினார். பனிமலைகள் மிதந்துவந்து உதிர்த்த கற்படிவுகளை வட அட்லாண்டிக்கின் அடியில் கண்டு 1988இல் விளக்கினார் ஹார்ட்முட் ஹைன்ரிச். முதல் தூண்டுதல் எது என்பதில் அறிஞரிடையே விவாதம் உண்டு. கடலோட்டத்தின் பங்கை மறுப்போர் அரியர்.

வடகடலின் தளர்ச்சி தென்னாட்டையும் தொட்டது. வடபால் குளிர்ந்தபோது மழைப்பட்டை தெற்கே நகர்ந்தது, பருவக்காற்று மெலிந்தது. அரபிக்கடலின் வடபகுதிப் படிவுகளை ஆய்ந்த ஹார்ட்முட் ஷுல்ஸ் குழுவினர், 1,10,000 ஆண்டுகளின் பருவக்காற்று ஏற்றத்தாழ்வு கிரீன்லாந்தின் ஏற்றத்தாழ்வோடு ஒத்திசைவதை 1998இல் வெளியிட்டனர்.

தமிழகத்துச் சான்று நீலகிரிச் சதுப்புகளில் உள்ளது. அங்கு மட்கிய தாவரப் படிவுகளை ஆராய்ந்து, ஆர். சுகுமார், ஆர். ரமேஷ் முதலியோர் 1993இல் கட்டுரை வெளியிட்டனர். வறட்சி தாங்கும் புற்கள் கரிமத்தை ஏற்கும் முறை வேறு. மரங்கள் ஏற்கும் முறை வேறு. அவ்வேறுபாட்டைக்கொண்டு, ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியூழியின் உச்சத்தில் வறட்சி நிலவியதையும், 11,000 ஆண்டுகளுக்கு முன் மழை பெருகியதையும் அறிந்தனர். கரிசலின் கம்பும் சோளமும் அவ்வறட்சிப் புல்லின் இனமுறையினவே, பருத்தி மற்றையது.

இச்சான்றுகள் பெரிதும் தென்மேற்குப் பருவத்தைச் சார்ந்தவை. கழுகுமலை, கோவில்பட்டி வட்டாரமோ ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பியது. ஆகவே, அவற்றை அப்படியே இம்மண்ணுக்குப் பொருத்துதல் பிழையாகும். எனினும், மழை மெல்லவே மாறும் என்ற நம்பிக்கைக்கு வரலாற்றில் இடமில்லை என்பது தெளிவு.

இன்று கிரீன்லாந்துப் பனி மீண்டும் உருகுகிறது. அட்லாண்டிக் ஓட்டம் இந்நூற்றாண்டில் தளரும் என்பது பெரிதும் உறுதி என்றும், 2100க்குமுன் திடீரென நின்றுவிடாது என்பதில் நடுத்தர நம்பிக்கையே உண்டு என்றும் பன்னாட்டுப் பருவநிலை அறிஞர் குழு 2021இல் கூறிற்று.

ஊரை விழுங்கும் கடல்கோளைத் தமிழ் மரபு மறவாது போற்றி வந்துள்ளது. ஓசையின்றி மழையை மாற்றும் கடலை அது இன்னும் பாடவில்லை. கரிசலை வானம் பார்த்த பூமி என்பர். அவ்வானமோ கடலைப் பார்த்திருக்கிறது.