விடுமுறை நாளின் வரலாறு

சென்ற ஆடித் திங்களில் ஒருநாள், நம் சங்கத்தின் உதவித்தொகை பெற்றுச் சட்டக் கல்லூரியிற் பயின்றுவரும் இளைஞர் ஒருவர் நம் இல்லத்திற்கு வந்தனர். பள்ளியில் நம்மிடம் தமிழ் கற்றவராதலின் உரிமையோடு அமர்ந்து, "ஐயா, பொது விடுமுறை நாள் இன்னது என்று இந்நாட்டில் எந்தச் சட்டம் கூறுகிறது தெரியுமா?" என்று வினவினார். திருவிழாக்களைப் பற்றிய சட்டம் ஏதேனும் இருக்குமென எண்ணினோம். அவர் நகைத்து, "கடன் சீட்டுச் சட்டம் ஐயா" என்றார். அவர் கூறியவற்றையும், பின்னர் நாம் ஆராய்ந்து கண்டவற்றையும் அன்பர்கட்கு ஈண்டு எடுத்துரைக்கின்றோம்.

பண்டைத் திண்ணைப் பள்ளிகளில் விடுமுறைக்கு 'வாவு' என்று பெயர். 'உவா' என்னும் சொல்லே அவ்வாறு திரிந்தது. நிறைமதி நாள் வெள்ளுவா, மறைமதி நாள் காருவா எனப்படும். இவ்விரு நாட்களிலும், அவற்றையடுத்த பிரதமையிலும், அட்டமியிலும் பாடம் நடைபெறாது. எம் பாட்டனார் அத்தகைய பள்ளியிற் பயின்றவர். அந்நாட்களில் ஏடு தொட்டால் கற்றதும் மறந்துபோம் என்று அவர் கூறக் கேட்டிருக்கிறோம். இளைப்பாறுதற்கென்று விடப்பட்ட நாட்கள் அல்ல அவை. கல்வி விலக்கப்பட்ட நாட்கள். பிள்ளைகள் மகிழ்ந்தது வேறு செய்தி!

ஆங்கிலர் வழக்கமும் முன்னர் இதற்கு அயலன்று. அவர்கள் விடுமுறைக்கு இட்ட பெயரின் பொருளே 'திருநாள்' என்பதாம். இங்கிலாந்து வங்கி, அடியார் திருநாட்களும் பிற சமய நாட்களுமாக ஆண்டில் ஏறத்தாழ 33 நாட்கள் மூடப்பட்டு வந்தது. 1834ஆம் ஆண்டில் அவை நான்காகச் சுருங்கின. வாணிகம் பெருகப் பெருக அடியார்கட்கு இடம் குறைந்தது போலும். பின்னர் 1871இல் சர் ஜான் லபக் என்பவர் வங்கி விடுமுறைச் சட்டத்தை நிறைவேறச் செய்தார். அவர் தாமே வங்கியாளர். இயற்கை நூல் ஆராய்ச்சியிலும் பெயர் பெற்றவர். வங்கி விடுமுறையன்று முதிரும் உண்டியலுக்கு மறுநாள் பணம் கொடுத்தாற் போதும் என்பது அச்சட்டத்தின் விதி. ஆகத்து முதல் திங்கட்கிழமை இவ்வாறு விடுமுறையாகவே, மக்கள் களிப்புற்று அந்நாளைப் 'புனித லபக் நாள்' என்று வேடிக்கையாக வழங்கினர். பழைய அடியார்களின் நாட்கள் போயின. வங்கியாளர் ஒருவர் அடியாராயினார்!

பத்தாண்டு கழித்து, 1881இல், இந்தியாவில் செலாவணி முறிச் சட்டம் பிறந்தது. புரோநோட்டு, உண்டியல், காசோலை இவை பற்றியது அது. பொது விடுமுறை இன்னதென்று கூறுவது அதன் 25ஆம் பிரிவு. ஞாயிறு, ஆங்கிலப் புத்தாண்டு, கிறித்து பிறந்த நாள், பெரிய வெள்ளி ஆகியவை அதில் பெயர் சுட்டி வைக்கப்பட்டன. பொங்கலும் தீபாவளியும் இரம்சானும், அரசு அறிவிக்கும் 'பிற நாட்கள்' என்னும் தொகையுள் அடங்கின. இற்றைநாளில் அப்பிரிவில் ஞாயிறு ஒன்றே பெயரோடு நிற்கின்றது.

ஈண்டு நம் மாணவர் காட்டிய நுட்பம் ஒன்றுண்டு. லபக் சட்டம் கடனாளிக்கு ஒருநாள் கூட்டித் தந்தது. நம் சட்டமோ குறைக்கின்றது. சீட்டு முதிரும் நாள் விடுமுறையாயின், அதற்கு முந்தைய வேலைநாளிலேயே பணம் கொடுத்தாக வேண்டும். 2025ஆம் ஆண்டில் குடியரசு நாள் ஞாயிற்றுக்கிழமை வந்தது. அதற்கு முந்தைய நாள் நான்காம் சனி. 2015 முதல் வங்கிகட்கு அதுவும் விடுமுறை. எனவே வங்கியிற் செலுத்த வேண்டிய சீட்டு சனவரி 26இல் முதிர்ந்தால், பணம் 24ஆம் நாள் வெள்ளியன்றே வந்திருத்தல் வேண்டும். வழக்குத் தொடுப்பதற்குரிய காலக்கெடு அதே நாளில் முடிந்ததாயின், நீதிமன்றம் மீண்டும் திறக்கும் நாளில் தொடுக்கலாம் என்று காலவரையறைச் சட்டம் இடந்தருகின்றது. "ஒரே விடுமுறை ஐயா, ஒருவருக்கு நாளைப் பறிக்கிறது, மற்றொருவருக்குக் கொடுக்கிறது" என்றார் மாணவர். புரோநோட்டில் கையொப்பம் இடும் அன்பர்கள் இதனை நினைவிற் கொள்வாராக.

இவையெல்லாம் பணத்திற்கு விட்ட விடுமுறை. உழைக்கும் உடம்பிற்கு விடுமுறை பின்னரே வந்தது. பம்பாய் ஆலைத் தொழிலாளர்க்காக நாராயண் மேகாஜி லோகாண்டே பன்முறை முறையிட்டதன் பயனாக 1890இல் அவ்வாலைகளில் வார விடுமுறை கிடைத்தது; மறு ஆண்டில் தொழிற்சாலைச் சட்டமும் அதனை ஏற்றது. கடைகளில் வேலை செய்வார்க்கு நம் மாகாணத்தில் 1947ஆம் ஆண்டுச் சட்டமே வாரத்தில் ஒரு முழுநாள் ஓய்வை உரிமையாக்கியது. பத்துப் பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் கடைகள் ஆண்டு முழுதும் திறந்திருக்கலாம் என 2019இல் அரசு இசைவு தந்தபோதும், வேலையாளின் வார ஓய்வு நீக்கப்படவில்லை.

இவ்விடத்தில் மாணவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். அவர் தந்தையார் மளிகைக் கடையொன்றில் முப்பது ஆண்டு கணக்கெழுதியவர். கடைக்காரரும் நம் சங்கத்தைச் சார்ந்தவரே, பெயர் வேண்டா. ஞாயிற்றுக்கிழமைகளில் முன்கதவு சாத்தியிருக்கும். பின்கட்டில் கணக்கு நடக்கும். அத்தகைய உரிமை உண்டென்று தந்தையார்க்கு ஒருவரும் சொன்னதில்லை. மகன் சட்டம் பயிலச் சென்ற பின்னரே, அதுவும் விடுமுறைக்கு வீடு வந்தபோது, அவர் அதனைக் கேட்டறிந்தார்.

"அப்பா, இத்தனை ஆண்டில் உங்களுக்கு விடுமுறையே கிடையாதா?" என்று மகன் கேட்டாராம். "ஏன் இல்லை? சரசுவதி பூசையன்று கணக்கேட்டைப் பூசையில் வைத்துவிடுவோம். அன்று அதனைத் தொடு என்று முதலாளியும் சொல்லமாட்டார்" என்று தந்தையார் விடையிறுத்தாராம்.