துடிக்கும் இதயத்தைப் படம் பிடித்த கதை



இதய சிடி ஸ்கேனுக்குக் கண்டிக்கோ கொழும்புக்கோ போன இடத்தில் "படம் தெளிவில்லை, திரும்ப எடுக்கணும்" என்றால் நாம் மெஷினைக் குறை சொல்கிறோம். இல்லாவிட்டால் ஏதோ பெரிய வருத்தம் என்று பயந்து போகிறோம். பெரும்பாலும் காரணம் இதயத்தின் அசைவுதான். அதற்கு ஐம்பது வருட வரலாறு உண்டு.

1971 ஒக்டோபர் 1ஆம் திகதி லண்டன் அட்கின்சன் மோர்லி வைத்தியசாலையில் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு சிடி ஸ்கேன் எடுத்தார்கள். மெஷினை உருவாக்கியவர் கொட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்ட், இ.எம்.ஐ. கம்பனிப் பொறியியலாளர் (நாய்ப்படம் போட்ட பழைய இசைத்தட்டுகளின் கம்பனிதான்). எடுத்தது மூளையை. ஒரு படத்துக்குச் சுமார் ஐந்து நிமிடம். தலையை அசையாமல் பிடித்து வைக்கலாம். இதயத்தை யார் பிடிப்பது? அந்த ஐந்து நிமிடத்தில் அது 350 தடவை துடித்துவிடும். 1979இல் ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் அலன் கோர்மக்குக்கும் நோபல் பரிசு கிடைத்தபோதும் இதயம் பெரும்பாலும் எட்டாத உறுப்பாகவே இருந்தது.

1998 அளவில் அரை செக்கனில் ஒரு சுற்றுச் சுற்றும் மெஷின்கள் வந்தன. அவற்றை ஈசிஜியோடு இணைத்து, இரண்டு துடிப்புகளுக்கு நடுவே இதயம் சற்று ஓயும் கணத்தைப் பொறுக்கியெடுத்தார்கள். 2005இல் இரண்டு எக்ஸ்ரே குழாய் உள்ள மெஷின் அந்தக் கணத்தை 83 மில்லிசெக்கனாகச் சுருக்கியது.

அப்படியும் ஏமாற்றம் நடக்கும். வலது பக்க முடியுருநாடி வேகமாக அசைவதால் கலங்கி, அடைப்புப் போலத் தெரியும். பெருநாடியின் அடிப்பகுதி ஆடினால் சுவர் கிழிந்ததுபோலவே இருக்கும். இல்லாத நோய்க்கு நெஞ்சைத் திறக்க வைக்கக்கூடிய நிழல் அது! வைத்தியர்கள் அதே ஸ்கேனில் துடிப்பின் வேறொரு கணத்தை எடுத்துப் பார்ப்பார்கள். அங்கே "அடைப்பு" மறைந்தால் அது அசைவின் வேலை. நெஞ்செலும்பும் சேர்ந்து படிக்கட்டுப் போல வெட்டுப்பட்டிருந்தால், நோயாளி மூச்சு விட்டிருக்கிறார்.

துடிப்பை 60 அளவுக்கு இறக்க மெட்டோப்ரோலோல் போன்ற மாத்திரை கொடுப்பதும் இதற்காகத்தான். முட்டு வருத்தம் உள்ளவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தேத்தண்ணியும் துடிப்பைக் கூட்டும் என்பதால் வேண்டாம் என்பார்கள். விடியற்காலை பஸ்ஸுக்கு முன் பிளேன்டி குடிக்காமல் கிளம்புவது தேயிலை நாட்டுக்காரர்களான நமக்குக் கொஞ்சம் கஷ்டம்தான்.

"ஹுஸ்ம அல்லகென இன்ன" என்று சிங்களத்தில் சொன்னால் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று நம் மூத்தவர்கள் பலருக்கு விளங்காது. கூட்டிப் போகுமுன் அந்தச் சொல்லைச் சொல்லிக்கொடுத்து, வீட்டிலேயே பத்து செக்கன் மூச்சுப் பிடிக்கப் பழக்கிவிடுவோம்.