நோட்டீஸில் பேர் இல்லாத மேளக்காரர்கள்

எந்தக் கோவில் கொடை நோட்டீஸை வேண்டுமானாலும் எடுத்துப் பாருங்கள். மேலே அம்மன் படம், அதற்குக் கீழே உபயதாரர்கள் பேர், விழாக் கமிட்டியார் பேர், பந்தல் போடுகிறவர், ரேடியோ செட் கட்டுகிறவர் பேர். அச்சகத்தின் பேர்கூட ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும். மேளக்காரருக்கு மட்டும் “நையாண்டி மேளம், கரகாட்டம் நடைபெறும்” என்று ஒரு வரி. யார் வாசிக்கிறார்கள், எந்த ஊர்க்காரர்கள் என்று இராது. வில்லுப்பாட்டு என்றால் தலைமைப் பாடகருக்கு ஒரு பேர் கிடைக்கும். குடம் அடிக்கிறவருக்கு அதுவும் இல்லை.

காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். எங்கள் வாத்தியார் ஆர்கோல் பாலத்துச் சண்டையைச் சொல்லும்போது நெப்போலியனை விட அந்த முரசடிச்ச பையனைத்தான் அதிகம் சொல்லுவார். 1796-இல் நடந்த சண்டை. பையன் பேர் ஆந்த்ரே எஸ்தியேன். அவன் சொந்த ஊரான கதனேயில் சிலையே வைத்திருக்கிறார்கள். ஒரு முரசுக்காரனுக்குப் பேர், ஊர், சிலை! உத்தியோக நிமித்தம் இந்தப் பக்கம் வந்து, கொடைகளில் உட்கார்ந்து கேட்கப் பழகிய பிறகு, அந்தப் பாடம் அடிக்கடி ஞாபகத்துக்கு வரும்.

இராஜபாளையத்துக்காரர்களும் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களும் ஒரு விஷயத்தில் கொடுத்து வைத்தவர்கள். அதற்குக் காரணம் பழைய ரிக்கார்டில் இருக்கிறது. 1910 வரை ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தது. அந்த வருஷம் மதுரையிலும் திருநெல்வேலியிலும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து இராமநாதபுரம் ஜில்லாவை உண்டாக்கினார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரும் சாத்தூரும் அதில் போயின. 1985-இல் மறுபடி பிரித்து இப்போதைய விருதுநகர் மாவட்டம் வந்தது. கச்சேரிக் கட்டுகள்தான் ஊர் விட்டு ஊர் போயின. சாமிகளும் மேளமும் இருந்த இடத்திலேயே இருந்தன. தெற்கே சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து நெல்லைச் சீமையின் வில்லு வருகிறது, வடக்கே மதுரைப் பக்கத்திலிருந்து கரகமும் நையாண்டியும் வருகின்றன. இரண்டையும் ஒரே வருஷத்தில், டவுன் பஸ் தூரத்தில் கேட்க வாய்த்த ஊர்கள் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை.

முதலில் நையாண்டி மேளம். 1989-இல் கரகாட்டக்காரன் படம் வந்த பிறகு ஊர் உலகமெல்லாம் கரகாட்டத்தைப் பற்றிப் பேசிற்று. ஆனால் எல்லார் கண்ணும் கரகத்தின் மேல், இல்லாவிட்டால் கோமாளியின் மேல். பின்னால் நின்று வாசிப்பவர்களை யார் பார்த்தார்கள்? நாகசுரம் இரண்டு, தவில் இரண்டு, பம்பை, தமுக்கு, ஜால்ரா. இதுதான் நம் பக்கத்து ஜமா. இதில் நான் பார்க்கச் சொல்வது தமுக்குக்காரரை. அரைச்சட்டி மாதிரி ஒரு வாத்தியத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு இரண்டு குச்சியால் அடிப்பார். தவில்காரர் எவ்வளவு பெரிய கணக்குப் போட்டாலும், ஆட்டக்காரியின் காலைப் பார்த்து அடுத்த அடியைத் தூக்கிக் கொடுப்பவர் இவர்தான். கரகம் தலையில் அசையாமல் நிற்பதில் பாதிப் பங்கு இவருடையது என்பது என் அபிப்பிராயம். ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால், ஆட்கள் வந்து சேருவதற்காக வெறும் மேளம் மட்டும் அரைமணி வாசிப்பார்கள் பாருங்கள், அதைத் தவற விடாதீர்கள். நாகசுரக்காரர் ராஜமேளக்காரரைப் போலவே ஒரு ராகத்தை எடுத்துக்கொண்டு கொஞ்சநேரம் நிற்பார். பிறகு சினிமாப் பாட்டு கேட்டுச் சீட்டு வர ஆரம்பித்துவிடும்.

வில்லுப்பாட்டு வேறு ஜாதி. என்.எஸ். கிருஷ்ணன், கொத்தமங்கலம் சுப்பு, சாத்தூர் பிச்சைக்குட்டி, 2022-இல் காலமான சுப்பு ஆறுமுகம் ஆகியவர்களால் மேடை வில்லிசை நாடெங்கும் தெரிந்தது. சுப்பு ஆறுமுகத்துக்கு 2021-இல் பத்மஸ்ரீ. அது நகைச்சுவையும் உபதேசமும் கலந்து இரண்டு மணியில் முடிகிற வில்லு. கோவில் வில்லு அப்படியல்ல. சாமி வருவதற்காகப் பாடுவது. ஆள் உயரத்துக்கு மேல் நீளமான வில், அதில் கட்டிய மணிகள், குடத்தின் கழுத்தோடு சேர்த்துக் கட்டு. தலைமைப் பாடகர் வீசுகோலால் நாணைத் தட்டுவார். வலப்பக்கம் ஒருவர், இடப்பக்கம் ஒருவர், உடுக்கை, ஜால்ரா, கட்டை. எல்லாவற்றுக்கும் அடியில் அந்தக் குடம். பாளைமட்டையால் அதன் வாயில் அடிக்கும்போது எழும்புகிற சத்தம் காதில் கேட்பதை விட நெஞ்சில்தான் கேட்கும்.

சேத்தூர்ப் பக்கம் ஒரு கொடையில் விடியற்காலம் காப்பி குடிக்கிற இடைவெளியில் குடம் அடிக்கிறவரிடம் கேட்டேன்.

“அண்ணாச்சி, நடு ராத்திரியில குடம் உடைஞ்சா என்ன செய்வீங்க?”

“இன்னொண்ணு சாக்குல கட்டிக் கொண்டாந்திருக்கோம் சார். ஆனா ரெண்டும் ஒரே சுதியில பேசாது. உடைஞ்சா பாட்டையே கொஞ்சம் எறக்கித்தான் பாடணும்.”

எத்தனை குடத்தைத் தட்டிப் பார்த்து வாங்குவீர்கள் என்றேன். சிரித்தார், பதில் சொல்லவில்லை. தொழில் ரகசியம் போலிருக்கிறது.

ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் என்ற அமெரிக்கர் குமரி மாவட்டத்து வில்லுப்பாட்டைப் பற்றி 1988-இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். கதாநாயகன் சாகிற கட்டம்தான் நிகழ்ச்சியின் நடு மையம், சாமி வருவதும் அதை ஒட்டித்தான் என்கிறார். உட்கார்ந்து கேட்டவர்களுக்கு இது புரியும். முத்துப்பட்டன் கதையில், பொம்மக்காளையும் திம்மக்காளையும் கட்டிக்கொள்ளப் பிராமணப் பிள்ளை பூணூலை விட்டுச் செருப்புத் தைக்கிற இடம் வரை ஜனங்கள் பேசிக்கொண்டுதான் இருப்பார்கள். மாடு திருட வந்தவர்களோடு சண்டைபோட்டு அவன் விழுகிற இடத்தில் பேச்சு நின்றுவிடும். பேராசிரியர் நா. வானமாமலை பதிப்பித்த முத்துப்பட்டன் கதை அச்சில் உண்டு. அதை ஒரு மதியத்தில் வாசித்து முடித்துவிடலாம். குடத்தோடு கேட்பதற்கு ஒரு ராத்திரி வேண்டும்.

நம் மண்ணுக்கே சொந்தமான கதை ஒன்று இருக்கிறது. வத்திராயிருப்புப் பக்கத்து அர்ச்சுனாபுரத்தில் நல்லதங்காளுக்குக் கோவிலும் கிணறும் உண்டு. மானாமதுரையில் வாக்கப்பட்டவள், பஞ்சத்தில் ஏழு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அண்ணன் வீடு தேடி வந்தாள். அண்ணி கஞ்சி ஊற்றவில்லை. பிள்ளைகளை ஒவ்வொன்றாகக் கிணற்றில் போட்டுவிட்டுத் தானும் விழுந்தாள். இதை வில்லிலும் பாடுவார்கள், நாடகமாகவும் போடுவார்கள். பாடகரின் தரத்தை அறிய எனக்கு ஒரு அளவுகோல் உண்டு: மூத்த பையன் ஓடப் பார்க்கிற இடம். சுமாரான ஆள் அங்கே குரலை உயர்த்தி அழுவார். நல்ல ஆள் உடுக்கையை நிறுத்தச் சொல்லிவிட்டு, சாதாரணப் பேச்சுக் குரலில் நாலு வரி சொல்லுவார். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு ஆச்சி அந்த இடத்தில், “போதும்யா, அந்தப் பிள்ளைய விட்டுருய்யா” என்று பாடகரைப் பார்த்துச் சத்தமாகவே சொல்லிவிட்டாள். அவரும் வில்லில் கை வைத்தபடி கொஞ்ச நேரம் சும்மா இருந்தார்.

இன்னும் தெற்கே போகத் தெம்பு உள்ளவர்கள் சுடலைமாடன் கோவில் கொடைகளில் கணியான் கூத்தைப் பாருங்கள். அண்ணாவி பாட, பெண் வேஷம் கட்டிய இரண்டு ஆண்கள் ஆட, இரண்டு மகுடம் வாசிப்பார்கள். ஒன்று உச்சம், ஒன்று மந்தம். அந்த இரண்டும் ஒன்றுக்கொன்று பதில் சொல்வதைக் கேட்க வேண்டும். இராஜகம்பளத்தாரின் தேவராட்டத்தில் பாட்டே கிடையாது, தேவதுந்துபி என்கிற உறுமி ஒன்றுதான். ஸ்ரீவில்லிபுத்தூரில் மார்கழியில் நடக்கும் அரையர் சேவையை நாட்டுப்புறக் கலை என்று சொன்னால் பெரியவர்கள் கோபிப்பார்கள், நியாயம்தான். ஆனாலும் குல்லா வைத்துக் கையில் தாளத்தோடு பாசுரத்தைப் பாடி அபிநயிக்கிற அந்த ஒருவரைக் காண, கோபுரத்தைப் பார்க்க வருகிற கூட்டத்தில் நூறில் ஒரு பங்குகூட வருவதில்லை.

இந்தக் கலைகளுக்கு என்ன குறைச்சல் வந்தது? காசு குறைச்சல் எப்போதும் உண்டு. எனக்குத் தெரிந்து பெரிய அடி நேரத்தில்தான் விழுந்தது. 2000-ஆம் வருஷத்து ஒலி மாசு விதிகளின்படி இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. விசேஷ நாட்களுக்கு நடு ராத்திரி வரை விதிவிலக்கு, அதுவும் வருஷத்தில் பதினைந்து நாள்தான். தூங்க வேண்டியவர்களுக்கு நல்ல விதிதான், இருதய நோயாளியான நானே சொல்கிறேன். ஆனால் ராத்திரி ஒரு மணிக்கு உச்சத்துக்கு வரும்படி கட்டிய கதையைப் பத்து மணிக்குள் எப்படி முடிப்பது? பிறப்பை விட்டுவிட்டு நேரே சாவுக்கு வந்துவிடுகிறார்கள். இன்னொரு பக்கம், நையாண்டி மேளத்துக்குப் பதிலாகச் செண்டை மேளம் கூப்பிடுகிற வழக்கம். செண்டை நல்ல வாத்தியம்தான், அதன் ஊரில். நம் கரகத்துக்கு அது வாசிக்காது.

2007-இல் சென்னை சங்கமம் தொடங்கியபோது இந்தக் கலைஞர்கள் பட்டணத்துப் பூங்காக்களில் ஏறினார்கள். நல்ல காரியம். மாவட்டக் கலை மன்றம் கலை முதுமணி, கலை நன்மணி என்று விருதுகளும் கொடுக்கிறது. ஆனால் விழா மேடையில் பத்து நிமிஷம்தான். அங்கே பார்த்துவிட்டு வில்லுப்பாட்டு பார்த்தாயிற்று என்று எண்ண வேண்டாம்.

போகிறவர்களுக்கு: பங்குனி முதல் ஆடி வரை கொடைகள் அதிகம். ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடியில் கூட்டம் தாங்காது. அங்கே கால்கடுக்க நிற்பதை விடச் சின்ன ஊர்க் கொடைதான் நம் வயசுக்கு உகந்தது. ஒலிபெருக்கி இல்லாமல் பாடுகிற இடம் கிடைத்தால் விடவே விடாதீர்கள். சால்வை, மாத்திரை, பிளாஸ்க் எடுத்துக்கொள்ளுங்கள். மேடைக்கு நேர் எதிரே பெட்டிக்குப் பக்கத்தில் உட்காராமல் குடத்துக்காரர் பக்கமாக உட்காருங்கள். முடிந்ததும் அவர் பேரைக் கேட்டு நோட்டில் எழுதி, அடுத்த வருஷம் நோட்டீஸ் அடிக்கிறவரிடம் கொடுங்கள்.