ஐந்து டாலர் சிப்பின் கதை

2014 ஆகஸ்ட் மாதக் கடைசியில், எலெக்ட்ரானிக்ஸ் பைத்தியங்கள் வழக்கமாக மேயும் தளங்களில் ஒரு செய்தி தீயாகப் பரவியது. சீனாவின் ஷென்ஜென் நகரத்துக் கம்பெனி ஒன்று தபால்தலை அளவுக்கு ஒரு சின்ன வைஃபை போர்டு விற்கிறது, விலை ஐந்து டாலர்தான் என்பதே செய்தி. போர்டின் பெயர் ஈஎஸ்பி-01. தயாரித்தது ஐ-திங்கர் என்ற நிறுவனம். போர்டின் மேல் உட்கார்ந்திருந்த சிப்பின் பெயர் ஈஎஸ்பி8266. சீனாவுக்கு வெளியே அதைக் கேள்விப்பட்டவர்கள் அபூர்வம். விவரக் குறிப்புகளோ சீன மொழியில்.

இன்றைக்கு உங்கள் வீட்டில் செல்போனில் தட்டினால் எரியும் பல்போ, எங்கிருந்தும் அணைக்கக்கூடிய பிளக்கோ இருந்தால், அதற்குள் இந்தச் சிப்போ இதன் தம்பிகளில் ஒன்றோ இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஆனால் அந்தப் பெருமையைப் பாட இதை நான் எழுத உட்காரவில்லை. காசு கொடுத்து வாங்கிய பொருளுக்குள் ஓடும் நிரலை மாற்றி எழுத, வாங்கியவருக்கு வழி இருக்கிறதா இல்லையா என்ற கேள்வி இந்தச் சின்னச் சிப்பின் கதை முழுக்க ஓடுகிறது. ஊரை விட்டு வந்து, ஊரில் இருக்கும் வீட்டை எட்ட நின்று பார்த்துக்கொள்ளும் நம்மைப் போன்றவர்களுக்கு அது வெறும் தத்துவக் கேள்வி இல்லை. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

முதலில் கொஞ்சம் பின்னோக்கிப் போவோம்.

வைஃபை ஓடுவது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். மைக்ரோவேவ் அடுப்பும் அதே இடத்தில்தான் இரைச்சல் போடும். அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் 1985-இல் இந்த மாதிரி 'குப்பை' அலைவரிசைகளை லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்த அனுமதித்தது. அந்த முடிவுதான் பிற்பாடு 1997-இல் வந்த வைஃபை தரத்துக்கு வழி விட்டது. இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸில் குறைந்த சக்திக் கருவிகளுக்கு லைசென்ஸ் தேவையில்லை என்று விதி வந்தது 2005 ஜனவரியில். இருபது வருடத் தாமதம்!

அதே 2005-இல், இத்தாலியில் இவ்ரேயா என்ற ஊரின் டிசைன் கல்லூரி ஒன்றில் ஆர்டுயினோ பிறந்தது. அதற்கு முன்பு மாணவர்கள் கையில் இருந்தது 1992-இல் வந்த பேசிக் ஸ்டாம்ப் மாதிரியான போர்டுகள்தான். அவை விலை அதிகம், சக்தி குறைவு. அந்தக் கல்லூரியில் படித்த கொலம்பியாக்காரர் ஹெர்னாண்டோ பர்ரகான் 2003-இல் 'வயரிங்' என்ற திட்டத்தைத் தொடங்கியிருந்தார். அதன் மேல் மாசிமோ பான்சி, டேவிட் குவார்த்தியேயஸ் முதலானவர்கள் கட்டியதுதான் ஆர்டுயினோ. பர்ரகானின் பங்கு வெகுகாலம் சரியாகப் பேசப்படவில்லை என்ற மனத்தாங்கல் உண்டு, அது நியாயமானதும்கூட. பெயர்? ஊரில் இருந்த ஒரு மதுக்கடையின் பெயர். அந்தக் கடைக்குப் பெயர் கொடுத்தவர் ஆயிரம் வருடத்துக்கு முன்பு ஆண்ட அர்துயின் ராஜா. :-)

ஆர்டுயினோவால் விளக்கு எரிய வைக்கலாம், மோட்டார் சுற்றலாம், வெப்பநிலை பார்க்கலாம். ஆனால் அது ஊமை. இணையத்தோடு பேச வேண்டுமானால் மேலே இன்னொரு போர்டு செருக வேண்டும். 2012-இல் வந்த அதிகாரபூர்வ வைஃபை ஷீல்டின் விலை ஆர்டுயினோவின் விலையையே தூக்கிச் சாப்பிட்டது. 2013-இல் ஸ்பார்க் கோர் என்ற வைஃபை போர்டுக்குக் கிக்ஸ்டார்ட்டரில் 10,000 டாலர் கேட்டார்கள், ஐந்தரை லட்சம் டாலருக்கு மேல் கொட்டியது. மக்கள் அவ்வளவு பசியோடு இருந்தார்கள். அதன் விலையும் 39 டாலர். இந்தப் பின்னணியில்தான் ஐந்து டாலர் என்ற செய்தியைப் படிக்க வேண்டும்.

சிப்பைச் செய்தது ஷாங்காயைச் சேர்ந்த எஸ்பிரெசிஃப். 2008-இல் அதைத் தொடங்கியவர் டியோ ஸ்வீ ஆன், சிங்கப்பூர்க்காரர், சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். 2013-இல் டேப்லெட்டுகளுக்காக ஒரு வைஃபை சிப் செய்தார்கள். அடுத்தது இது. விலை குறைந்ததற்கு மாயமந்திரம் ஒன்றும் இல்லை. வழக்கமாக வைஃபை சிப்பைச் சுற்றி ஆன்டெனா ஸ்விட்ச், பவர் ஆம்ப்ளிஃபயர், ஃபில்டர் என்று ஒரு கும்பலே போர்டில் உட்கார்ந்திருக்கும். எஸ்பிரெசிஃப் அவற்றையெல்லாம் சிப்புக்குள்ளேயே அடக்கிவிட்டது. வெளியே தேவைப்பட்டது ஒரு கிரிஸ்டல், ஒரு ஃபிளாஷ் மெமரி, கையளவு சில்லறைப் பாகங்கள். ஆன்டெனாகூடத் தனியாக இல்லை. போர்டிலேயே வளைந்து நெளிந்து போகும் செம்புக் கோடுதான் ஆன்டெனா.

ஈஎஸ்பி-01 வந்தபோது அதை ஒரு மோடமாகத்தான் விற்றார்கள். ஆர்டுயினோ போன்ற ஒரு முதலாளி சீரியல் கம்பியில் கட்டளை கொடுக்க வேண்டும், இது வைஃபையில் சேர்ந்து வேலையை முடித்துத் தரும். கட்டளைகள் எல்லாம் 'ஏ.டி.' என்று ஆரம்பிக்கும். டயல்-அப் காலத்து ஆட்களுக்கு இது ஞாபகம் இருக்கும். 1981-இல் ஹேய்ஸ் கம்பெனி தன் மோடத்துக்கு வகுத்த அதே மொழி! விஎஸ்என்எல் இணைப்பில் 'கீ...ங்' என்று கத்திய மோடங்கள் பேசிய பாஷையை முப்பது வருடம் கழித்து ஒரு வைஃபை சிப் பேசியது.

முதலில் வாங்கியவர்கள் பட்ட பாடு சொல்லி மாளாது. சிப்புக்கு 3.3 வோல்ட்தான் ஆகும். ஆர்டுயினோவின் 5 வோல்ட்டைக் கொடுத்துப் பலர் புகைய விட்டார்கள். ஆர்டுயினோ ஊனோவின் 3.3 வோல்ட் பின்னிலிருந்து எடுத்தாலும் ஆபத்து: அது தாங்குவது 50 மில்லி ஆம்பியர், சிப்போ வைஃபையில் பேசும்போது கணநேரத்துக்கு 300 வரை இழுக்கும். விளைவு, பேச வாயைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் மயங்கி விழுந்து திரும்ப எழும்.

ஆனாலும் யாரும் விடவில்லை. சீனக் குறிப்புகளை ஆளாளுக்குக் கொஞ்சமாக மொழிபெயர்த்தார்கள். அப்போதுதான் ஒரு விஷயம் எல்லோருக்கும் உறைத்தது. இந்த 'மோடத்துக்குள்' இருந்தது டென்சிலிக்கா வகை 32 பிட் புராசசர், 80 மெகாஹெர்ட்ஸ், நம் நிரலுக்குச் சுமார் 50 கிலோபைட் ராம் மிச்சம். அதற்குக் கட்டளை போடும் முதலாளியான ஊனோவோ 16 மெகாஹெர்ட்ஸ், 2 கிலோபைட் ராம்! வேலைக்காரன் பயில்வான், முதலாளி நோஞ்சான். அப்புறம் முதலாளி எதற்கு?

இங்கேதான் எஸ்பிரெசிஃப் ஒரு நல்ல காரியம் செய்தது. கூட்டத்தை விரட்டாமல், 2014 அக்டோபரில் சிப்பிலேயே நேரடியாக நிரல் எழுதத் தேவையான மென்பொருள் தொகுப்பை வெளியிட்டது. அதே மாதம் நோட்எம்சியு என்ற திட்டம் தொடங்கியது. பிரேசிலில் பிறந்த லுவா மொழியில் நாலு வரி எழுதினால் போர்டு வைஃபையில் சேர்ந்துவிடும். யூ.எஸ்.பி. செருகும் வசதியோடு நோட்எம்சியு போர்டும் வந்தது. 2015 மார்ச்சில் இவான் க்ரோஹோட்கோவ், ஆர்டுயினோ மென்பொருளிலேயே இந்தச் சிப்புக்கு எழுதும் வழியை வெளியிட்டார். பள்ளிப் பிள்ளைக்கும் கதவு திறந்தது அப்போதுதான். பிறகு அவரை எஸ்பிரெசிஃபே வேலைக்கு எடுத்துக்கொண்டது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். சிப் முழுதாகத் திறந்தது இல்லை. வைஃபை ஓட்டும் பகுதி மூடிய பொட்டலமாகத்தான் வந்தது. ஆனால் சிப்பின் நிரந்தர நினைவகத்தில் சின்ன ஏற்பாடு ஒன்று இருக்கிறது. ஜிபிஐஓ பூஜ்யம் என்ற பின்னை கிரவுண்டோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு மின்சாரம் கொடுத்தால், அது பழைய நிரலை ஓட்டாமல், 'புது நிரலைக் கொடு' என்று சீரியல் கம்பியில் காத்து நிற்கும். கடவுச்சொல் கிடையாது, யாருடைய அனுமதியும் வேண்டாம். இந்தப் போர்டு என்னவாக இருக்க வேண்டும் என்பதைக் கையில் வைத்திருப்பவர் தீர்மானிக்கலாம். இன்று மழைமானி, நாளை மணியடிக்கும் கடிகாரம், நாளை மறுநாள் தொட்டிக் காவல்காரன்.

இதன் அருமை 2016-இல் புரிந்தது. கூகுள் குடும்பத்தைச் சேர்ந்த நெஸ்ட், 2014-இல் தான் வாங்கிய ரிவால்வ் கம்பெனியின் சர்வரை 2016 மே மாதம் அணைத்தது. 300 டாலர் கொடுத்து வாங்கிய ரிவால்வ் பெட்டிகள் ஒரே நாளில் வெறும் பிளாஸ்டிக் ஆயின. பெட்டியில் பழுது எதுவும் இல்லை. எங்கோ ஒரு ஸ்விட்சை அணைத்தார்கள், அவ்வளவுதான்.

ஐடியட் என்ற ஷென்ஜென் கம்பெனி 'சோனாஃப்' என்ற பெயரில் மலிவான வைஃபை ஸ்விட்சுகள் விற்றது. உள்ளே ஈஎஸ்பி8266. தொழிற்சாலை நிரல் கம்பெனி சர்வரை நம்பித்தான் ஓடும். நெதர்லாந்தின் தியோ ஆரெண்ட்ஸ் அதற்கு மாற்று நிரல் எழுதிப் பொதுவில் வைத்தார். அதுதான் டாஸ்மோட்டா. வீட்டுக்குள்ளேயே, யாருடைய சர்வரும் இல்லாமல், ஸ்விட்ச் வேலை செய்யும். செய்தி அனுப்ப அது பயன்படுத்தும் எம்க்யூடிடி என்ற நெறிமுறை 1999-இல் எண்ணெய்க் குழாய்களைக் கண்காணிக்க உருவாக்கியது என்பது உபரித் தகவல்.

இப்போது சொந்தக் கதை ஒன்று. தஞ்சாவூர்ப் பக்கம் எங்கள் வீட்டில் தண்ணீர்த் தொட்டி மொட்டைமாடியில். தொட்டி நிரம்பிவிட்டதா என்று பார்க்க அப்பா படியேறிப் போவார். வயது எழுபத்தைந்து தாண்டியவர். அதற்காக ஒரு கம்பெனியின் வைஃபை மோட்டார் ஸ்விட்ச் வாங்கிப் போட்டேன். இரண்டு வருடம் நன்றாக ஓடியது. அப்புறம் கம்பெனி கடையைக் கட்டியது, சர்வரும் போனது. "ஏம்ப்பா, அந்தப் பொட்டிக்குப் பேச்சே காணோமே" என்று அப்பா போனில் சொன்னபோது, அவர் மறுபடி படியேற ஆரம்பித்து ஒரு வாரம் ஆகியிருந்தது.

பொங்கல் லீவில் போய்ப் பெட்டியைக் கழற்றினேன். உள்ளே நம்ம ஆள், ஈஎஸ்பி8266! மெயின் இணைப்பை முழுதாகத் துண்டித்து, போர்டைத் தனியே எடுத்து, நாலு கம்பி பற்றவைத்து, டாஸ்மோட்டா ஏற்றினேன். ஒரு மாலை நேர வேலை. (நீங்கள் செய்தால் ஒன்று நினைவிருக்கட்டும்: 230 வோல்ட் இணைப்பு இருக்கும்போது கம்ப்யூட்டர் கம்பியைச் செருகவே கூடாது. உயிர் போகும்.) மோட்டார் இன்றைக்கும் ஓடுகிறது. அப்பா கூடத்தில் உட்கார்ந்தே நிறுத்துகிறார்.

உள்ளே வேறு சிப் இருந்திருந்தால், பூட்டிய சிப்பாக இருந்திருந்தால், அது குப்பைத்தொட்டிக்குத்தான் போயிருக்கும். இந்தக் கவலைக்குக் காரணம் இருக்கிறது. 2018 டிசம்பரில் ஜெர்மனியில் நடந்த கேயாஸ் மாநாட்டில், டூயா என்ற பெரிய நிறுவனத்தின் தொழில்நுட்பத்தில் ஓடும் பல்புகளில், கழற்றாமலே நிரலை மாற்றலாம் என்று செய்து காட்டினார்கள். பாதுகாப்பு ஓட்டை அவ்வளவு பெரிது. ஓட்டையை அடைத்தார்கள், அது சரிதான். ஆனால் அதோடு சொந்தக்காரர் நுழையும் வழியும் அடைந்தது. பல தயாரிப்புகள் வேறு சிப்புகளுக்கும் மாறின. திருடனுக்குப் பூட்டும் பூட்டு சொந்தக்காரருக்கும் பூட்ட வேண்டுமா என்ற கேள்விக்குச் சட்டம் இன்னும் தெளிவான பதில் சொல்லவில்லை.

சிப்பின் கதை அப்புறம் வேகமாக ஓடியது. 2016 செப்டம்பரில் இரட்டைப் புராசசரும் புளூடூத்தும் கொண்ட ஈஎஸ்பி32 வந்தது. 2018 ஜனவரியில் விற்பனை பத்துக் கோடி சிப்பைத் தாண்டியதாக எஸ்பிரெசிஃப் அறிவித்தது, 2023-இல் நூறு கோடி. நடுவில் 2019 ஜூலையில் ஷாங்காய்ப் பங்குச்சந்தையில் இடம்பிடித்தது. நான் பிழைக்கும் புனேயிலும் அதன் ஆராய்ச்சி அலுவலகம் ஒன்று இருக்கிறது. இங்கே புத்வார் பேட் கடைகளிலும், பெங்களூர் எஸ்.பி. ரோட்டிலும், நம்ம ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் சில நூறு ரூபாய்க்கு நோட்எம்சியு கிடைக்கும். 2016-இல் தொடங்கிய அடல் டிங்கரிங் லேப் திட்டத்தில் சுமார் 10,000 பள்ளிகளுக்கு ஆய்வகம் வந்திருக்கிறது. உங்கள் பிள்ளையின் பள்ளியில் இருக்கிறதா, இருந்தால் பூட்டிக் கிடக்கிறதா என்று அடுத்த பெற்றோர் கூட்டத்தில் கேளுங்கள்.

ஊரில் பெற்றோருக்கு ஏதாவது வைஃபை சாமான் வாங்குவதற்கு முன்பும் இரண்டு கேள்வி கேளுங்கள். நெட் போனாலும், கம்பெனி மூடினாலும் இது வேலை செய்யுமா? கையால் அமுக்கும் சாதாரண ஸ்விட்ச் கூடவே இருக்கிறதா? கடைக்காரர் தலையைச் சொறிந்தால், அடுத்த கடைக்குப் போங்கள்.